சொங்க்லாவில் நிக்கிற மோட்டர்

உக்காரும்மா, தாராளமா உக்காரு. ஹெல்மெட்டை நான் மடியில வச்சுக்கறேன். ஏன் பாக்குற, பஸ்ஸுல வர்ற கிழவிக்கு ஹெல்மெட் எதுக்குன்னா? டிரைவரும் அதையேதான் கேட்டான். அலோர் ஸ்டார்ல ஏறுறப்போ, "என்ன பாட்டி, நான் ஓட்டுறதுல அவ்வளவு பயமா"ன்னு மலாய்ல கேட்டுட்டு அவனே சிரிச்சுக்கிட்டான். தான் சொன்னதுக்குத் தானே சிரிக்கிறவன் ஓட்டுற பஸ்ஸுல பயப்படாம எப்படி வர்றது.

நான் சயாமுக்குப் போறேன். தாய்லாந்துன்னு நீங்க படிச்ச பிள்ளைங்க சொல்லுவீங்க, எங்களுக்கு அது சயாம்தான். புக்கிட் காயு ஹீத்தாம்ல இறங்கி, எல்லையைத் தாண்டி, வேன் புடிச்சு ஹாட்யாய், அங்கேருந்து சொங்க்லா. அங்க ஒரு வீட்டுல என் மோட்டர் சைக்கிள் நிக்குது. அதை ஓட்டிக்கிட்டு வரணும். எல்லையில வண்டிக்கு முப்பது நாளுக்குத்தான் சீட்டுக் குடுத்தான், இன்னிக்கு இருபத்தாறு. சீட்டு என் பேர்ல இருக்கு, நான்தான் போயாகணும்.

மோட்டருக்காகத்தான் போறேன். அந்த வீட்டு ஆளுங்களுக்காக இல்ல. கோமளத்தைக் கூட்டிக்கிட்டு வரவும் இல்ல. வாசல்ல நிப்பேன், சாவியை வாங்குவேன், வண்டியை எடுப்பேன். அவ வர்றதுன்னா வரட்டும், இல்லாட்டி அங்கேயே கெடக்கட்டும்.

நீ எங்க இறங்கணும்? சங்லூனா? கிளினிக்ல நர்ஸா? நல்லது. அப்ப நேரமிருக்கு, கேளு. நீயே சொல்லு யாரு மேல தப்புன்னு.

என் பேரு தனபாக்கியம். வயசு அறுபத்தேழு. கோமளம் எனக்கு மூணு வயசு இளையவ. ஞானமேரி இன்னும் சின்னவ, அறுபது முடியல. மூணு பேரும் சுங்கை பட்டாணி பக்கம் ஒரே தோட்டத்துல ரப்பர் மரம் சீவுனவங்க. தோட்டத்தை வித்து வரிசை வரிசையா வீடு கட்டித் தாமான் ஆக்குனப்போ மூணு பேருக்கும் அங்கேயே வீடு கெடச்சுது. எனக்கும் கோமளத்துக்கும் நடுவுல ஒரு செவுருதான். அவ கடுகு தாளிச்சா எனக்குத் தும்மல் வரும்.

மூணு பேருக்கும் மோட்டர் ஓட்டத் தெரியும். கப்சாய்னு சொல்லுவோமே, அந்தச் சின்ன வண்டி. விடியக் கருக்கல்ல மலைமேட்டுக் காட்டுக்கு நாங்க வரிசையாப் போவோம். முன் வண்டி நான். நடுவுல கோமளம். கடைசி ஞானமேரி. அதுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு முச்சந்தியிலயும் முன் வண்டி நிக்கணும், கடைசி வண்டி விளக்கு தெரியற வரைக்கும் நகரக் கூடாது. ஒருத்தி நின்னா எல்லாரும் நிக்கணும். காட்டுப் பன்னி இருக்கு, ஆனை இருக்கு, குடிச்சிட்டு வர்றவன் இருக்கான். முப்பது வருசம். யாரையும் யாரும் விட்டுட்டுப் போனது கெடையாது. சட்டம் போட்டது நான்தான். அவளுங்களுக்கு அந்த அறிவு ஏது.

சயாம் போற யோசனை எப்படி வந்துச்சுன்னா, எங்க தாமான் ஆம்பளைங்களால. ஏழெட்டுப் பேரு பெரிய பெரிய மோட்டர் வாங்கி வச்சிருக்கானுங்க. ஒரே மாதிரி சட்டை, முதுகுல புலிப் படம். வயித்தைத் தூக்கி டேங்க் மேல வச்சுக்கிட்டு ஓட்டுவானுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை ஹாட்யாய் போறதும், வந்து ஒரு மாசத்துக்கு அதையே பேசுறதும். மாரியம்மன் கோயில் கூழ் ஊத்துற அன்னிக்கு ஞானமேரி சும்மா கேட்டா, "அண்ணே, நாங்களும் வரலாமா"ன்னு. அவ வேதக்காரி, ஆனா கூழ்னா முத ஆளா நிப்பா. அதுல ஒருத்தன் சொல்றான், "உங்க மோட்டர் எல்லை தாண்டுறதுக்குள்ள எங்களுக்குப் பேரன் பொறந்துடுவான் அக்கா." எல்லாம் சிரிச்சானுங்க. அவன் மோட்டரை முன்னாடி ரெண்டு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணுனதை நான் பார்த்திருக்கேன்.

ரோஷம் வந்துடுச்சு எனக்கு. போறோம்டின்னேன். மூணு நாள். ஹாட்யாய் ஒரு ராத்திரி, சொங்க்லா ஒரு ராத்திரி, திரும்பி வந்துடணும். சொங்க்லாவை அவளுங்கதான் சேர்த்தாளுங்க, எதுக்குன்னு கேட்டேன். கடற்கரையில கடல்கன்னி சிலை இருக்கு, போட்டோ புடிக்கலாம்னா ஞானமேரி. கோமளம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கீரையை ஆயறவ காம்பை எடுத்து வச்சுக்கிட்டு இலையைக் குப்பையில போட்டுக்கிட்டிருந்தா.

இப்ப கோமளத்தோட மகளைப் பத்தி சொல்லணும். அதைச் சொன்னாத்தான் மிச்சம் புரியும்.

சரளான்னு பேரு. ஒரே மகள். புருசன் செத்தப்புறம் கோமளம் தனியா வளர்த்தா. பிறாய்ல எலக்ட்ரிக் ஃபேக்டரிக்கு வேலைக்கு அனுப்புனா. அங்க வேலை பார்த்த ஒரு சயாம்காரன், நிரன்னு பேரு, அவனைக் கட்டிக்கிட்டு அவன் ஊருக்கே போயிட்டா. போய் பத்தொம்பது வருசம் ஆகுது. அவன் அங்க படகு இஞ்சின் ரிப்பேர் பாக்குறவன். நல்ல மாப்பிள்ளையா பார்த்துக்கிட்டிருந்தோம் அவளுக்கு. நான்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

கோமளம் அழுதுக்கிட்டு என்கிட்டதான் ஓடி வந்தா. "அக்கா, நான் இப்ப என்ன செய்யட்டும்"னா. தல முழுகிடுன்னேன். வேற என்ன சொல்றது? செத்தவங்களுக்குத் தல முழுகற மாதிரி முழுகிட்டா மனசு ஆறிடும். அவ தயங்குனா. நானே குழாயடிக்கு இழுத்துக்கிட்டுப் போயி உக்கார வச்சு, நானே வாளி வாளியா ஊத்துனேன். மூணாவது வாளியில அவளுக்கு மூச்சு முட்டிடுச்சு. "போதும் அக்கா, போதும் அக்கா"ங்கிறா. எப்படிப் போதும்? செய்யறதைச் சரியாச் செய்யணும். ஏழு வாளி ஊத்துனேன். அப்புறம் நானே துவட்டிவிட்டு, நானே சோறாக்கிப் போட்டேன். கூடப் பொறந்தவ செய்ய மாட்டா அவ்வளவும்.

அதோட விட்டேனா? அப்ப கோமளம் வீட்டுல போன் கெடையாது. எங்க வீட்டுலதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு அந்த ஒரு வருசத்துல ஆறு தடவை போன் பண்ணுனா. "பெரியம்மா, அம்மாவைக் கூப்பிடுங்க"ங்கிறா. உங்கம்மா உன்கிட்ட பேச மாட்டான்னு சொல்லி வச்சுட்டேன். கடைசி தடவை, "நான் மாசமா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க பெரியம்மா"ன்னா. நான் கோமளத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அவ எளகிப்போயிருப்பா. எளகுன மனசுக்காரி. நான் ஒருத்தி கல்லா நின்னதாலதான் அவ தலை நிமிந்து நடந்தா.

என் மகன் இருக்கான், ஜொகூர்ல. பத்துப் பொருத்தமும் பார்த்து, நம்ம ஆளுங்கள்ல எடுத்து, மண்டபத்துல எழுநூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் செஞ்சு வச்சேன். முறைன்னா அது. மருமக நல்ல குடும்பம். இந்தத் தீபாவளிக்கு வரல, வேலை ஜாஸ்தி. போன தீபாவளிக்கும் அவனுக்கு வேலைதான். பெரிய கம்பெனில, லீவு தரமாட்டாங்க. போன் பண்ணுவான். நான் எடுக்கறதுக்குள்ள வச்சுடறான்.

சரி, அது கெடக்கட்டும். பயணத்துக்கு வருவோம்.

எல்லை வரைக்கும் ஒழுங்காப் போச்சு. ஒழுங்குன்னா என்ன ஒழுங்கு. ஞானமேரி ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவா. மூத்திரம் போயிட்டு வந்து வண்டியை எடுத்தாலும் ஜெபம். "கர்த்தர் பார்த்துக்குவாரு அக்கா"ம்பா. "கர்த்தருக்கு உன் பிரேக்கு நிலைமை தெரியும்டி, அதான் கிட்ட வரமாட்டேங்கிறாரு"ன்னேன். கோமளம் இருக்காளே, ஒரு தடவை இடது பக்கம் சிக்னல் போட்டான்னா பத்து மைலுக்கு அணைக்க மாட்டா. பின்னால வர்ற லாரிக்காரனெல்லாம் இவ திரும்புவா திரும்புவான்னு பார்த்தே கெழவனாயிடுவான்.

சயாம் ரோட்டுல ஒண்ணும் பெருசா இல்ல. நம்ம மாதிரியே அதே ரப்பர் மரம், அதே வெயில். ஆனா பாரு, மரத்தை ரொம்பக் கீழேருந்து சீவுறானுங்க, பட்டையெல்லாம் காயம். எங்களை வேலை வாங்குன தோட்டத்து மண்டோர் பார்த்தா கன்னத்துல ரெண்டு போடுவாரு. நான் வண்டியை நிறுத்தி இறங்கிப் போயி ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தேன். "வேலையா இது"ன்னு சத்தமாவே சொன்னேன். ஒரு சயாம்கார பொம்பள பால் வாளியோட நின்னா. என்ன புரிஞ்சுதோ, என் கையைப் புடிச்சு, உள்ளங்கை காய்ப்பைத் தடவிப் பார்த்துட்டு, தன் கையைக் காட்டுனா. அதே எடத்துல அதே காய்ப்பு. அதுக்கு ஒரு சிரிப்பு வேற. கையில காய்ப்பு இருந்தா வேலைக்காரி ஆயிடுவாளா?

ஹாட்யாய்ல ராத்தங்கல். தட்டுல வெட்டுக்கிளியை வறுத்துக் குவிச்சு விக்கிறானுங்க. ஞானமேரி ஒண்ணு வாங்கித் தின்னுட்டு, முறுக்கு மாதிரி இருக்குங்கிறா. அவளுக்கு எல்லாமே முறுக்கு மாதிரிதான் இருக்கும்.

மறுநாள் காலைல சொங்க்லாவுக்குக் கெளம்புனோம். ஊருக்குள்ள போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு எண்ணெய்க் கடை வந்துச்சு. மூணு வண்டிக்கும் எண்ணெய் ஊத்துனோம். கோமளம் ஒரு பையை எடுத்துக்கிட்டு, "ரெண்டு நிமிசம்"னு கக்கூஸுக்குப் போனா. கால் மணி நேரம் ஆச்சு. வயிறு சரியில்லையோன்னு நான் கதவைத் தட்டப் போனேன். கதவு தெறந்துச்சு. பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வெளிய வர்றா. அரக்குக் கலரு, பெரிய ஜரிகை. நெத்தியில பொட்டு. எங்கேருந்து வாங்குனாளோ, தலையில பூ. எண்ணெய் ஊத்துற பையனெல்லாம் குழாயைக் கையில புடிச்சுக்கிட்டுப் பாக்குறானுங்க.

"யாரு வீட்டுக் கல்யாணம்டி"ன்னேன்.

"கல்யாணம் இல்லக்கா. சரளா வீடு இங்க பக்கத்துலதான்."

"எந்தச் சரளா?"

"எந்தச் சரளாவா? நான் பெத்த சரளா."

"அவளைத்தான் தல முழுகியாச்சே."

அவ என்னை நேராப் பார்த்தா. அப்படிப் பாக்க மாட்டா அவ. "நீ தண்ணி ஊத்துன. நான் குளிச்சேன். அவ்வளவுதான் அக்கா."

எப்படி இருக்கு பேச்சு? நான் ஞானமேரியைத் திரும்பிப் பார்த்தேன். அவ வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிறா, துடைக்கிறா, அப்படித் துடைக்கிறா. சரளாவை அவளோட அண்ணன் மக போன்ல தேடிப்பிடிச்சுக் குடுத்திருக்கா. ஒரு வருசமா பேச்சு நடக்குது. ஞானமேரி வீட்டு அடுப்படியில உக்காந்து முகம் பார்த்துப் பேசியிருக்காங்க தாயும் மகளும். செவுருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியாது. கடல்கன்னி சிலைன்னு என்னை ஏமாத்திக் கூட்டிக்கிட்டு வந்திருக்காளுங்க. நல்லா யோசிச்சுப் பாரு, எம்மேல நம்பிக்கை இருந்தா சொல்லியிருப்பாளுங்கல்ல?

சரி, என்கிட்டயா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? என் வண்டியை ஸ்டாண்டுல போட்டேன். சாவியை இடுப்புல செருகுனேன். எண்ணெய்க் கடை ஓரத்துல திட்டு இருந்துச்சு, அதுல உக்காந்துட்டேன். "நான் வரல. நீங்களும் போக மாட்டீங்க"ன்னேன். ஒருத்தி நின்னா எல்லாரும் நிக்கணும். முப்பது வருசச் சட்டம். அவளுங்க என்ன செய்ய முடியும்? கொஞ்ச நேரம் மொனகிட்டு எல்லாம் வண்டியைத் திருப்பும், மத்தியானத்துக்குள்ள எல்லைக்குப் போயிடலாம்னு கணக்குப் போட்டேன்.

கோமளம் பக்கத்துல வந்து நின்னா. கத்துவான்னு பார்த்தேன். அழுவான்னு பார்த்தேன். அழுதா எனக்குச் சமாளிக்கத் தெரியும், நாப்பது வருசமா சமாளிச்சிருக்கேன். அவ ரொம்ப மெதுவா கேட்டா.

"ஆறு தடவை போன் பண்ணுனாளாமே. ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"ன்னேன்.

வண்டிகிட்டப் போயிட்டா அவ. பூ நசுங்குதேன்னுகூடப் பாக்காம ஹெல்மெட்டை எடுத்துத் தலையில மாட்டுனா. புடவைக் கொசுவத்தை அள்ளி முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டா. ஒரே உதை. வண்டி கெளம்பிடுச்சு.

நான் அசையல. ரோடு வரைக்கும் போயி நிப்பான்னு தெரியும். ரோட்டுல நின்னா. சிக்னல் போட்டா. இடது பக்கம். போயே போயிட்டா.

ஞானமேரி என்னையும் பாக்குறா, ரோட்டையும் பாக்குறா. "அக்கா, இன்னிக்கு முன் வண்டி அவ. நான் கடைசி வண்டி. அவ பின்னால போகணும்ல"ன்னா. "நீயுமாடி"ன்னேன். "நீங்க எந்திரிச்சா நடுவுல எடம் இருக்குக்கா"ன்னா. எந்திரிப்பேனா? ஜெபம்கூடப் பண்ணாம போயிட்டா.

முப்பது வருசச் சட்டம், ஒரு சயாம்காரனுக்காக ஒடச்சுட்டாளுங்க. அதுவும் என்ன, ஒரு போன் விசயம். அல்பம்.

ஒரு மணி நேரம் ஆயிருக்கும். ஒரு பழைய மோட்டர் வந்து நின்னுச்சு. கட்டையா ஒரு ஆளு இறங்குனான். நகத்துலயெல்லாம் கிரீஸு. செருப்பைக் கழட்டிட்டு என் முன்னாடி வந்து கும்பிட்டான். எண்ணெய்க் கடைத் தரையில எதுக்குச் செருப்பைக் கழட்டுறான், சூடு பொரியுது. "பெரிம்மா"ங்கிறான். அதுல தெரிஞ்சுக்கிட்டேன் யாருன்னு. "பெரிம்மா, வெயிலு. வீடு, வாங்க."

அவ்வளவுதான் அவனுக்குத் தமிழ். பத்தொம்பது வருசத்துல ஒரு பொண்டாட்டிகிட்டேருந்து நாலு வார்த்தை கத்துக்க முடியல, இவனெல்லாம் என்ன குடும்பம் பண்ணுனான். நான் மூஞ்சைத் திருப்பிக்கிட்டேன். அவன் என்ன செஞ்சான், என் மோட்டரைத் தள்ளிக்கிட்டுப் போயி நிழல்ல விட்டான். எனக்கு மூணு முழம் தள்ளி திட்டுல உக்காந்துக்கிட்டான். தண்ணிப் பாட்டில் வாங்கியாந்து நடுவுல வச்சான். நான் தொடல. ஒரு டிபன் கேரியரைக் கொண்டாந்து அதையும் நடுவுல வச்சான். அதையும் தொடல. மூடியிருந்தாலும் ரச வாசனை வந்துச்சு. பூண்டைத் தோலோட தட்டிப் போட்ட ரசம். அது கோமளம் பக்குவம். ஓடிப்போனவ அதையும் எடுத்துக்கிட்டுத்தான் ஓடியிருக்கா.

ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம் அப்படியே. இடையில அவன் போன் அடிச்சுது. எடுத்து ஏதோ சொன்னான். அந்தப் பக்கம் பொம்பளைங்க சிரிக்கிற சத்தம் கேட்டுது. கோமளம் சிரிப்பு எனக்குத் தெரியாதா? மூக்கால சிரிப்பா. ரொம்ப நாளாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு. தெரியாத ஊருல ஒருத்தியை வெயில்ல உக்கார வச்சுட்டு இவளுக்குச் சிரிப்பு.

எந்திரிச்சேன். தனியாவே ஊருக்குப் போறேன்னு வண்டியை உதைச்சேன். கெளம்பல. பத்து உதை உதைச்சேன். அவன் ஓடி வந்து, கையைக் காட்டிக் கேட்டுட்டு, பிளக்கைக் கழட்டிப் பார்த்தான். கரி. எனக்குக் காட்டுனான். அது அந்த ஊரு எண்ணெய் சரியில்லாததால. நான் அந்தப் பிளக்கை மாத்தி ஆறு வருசம்தான் ஆகுது. வீட்டுல வேற பிளக் இருக்குன்னு சைகை காட்டுனான். வீடு, வீடு, வீடு. எது சொன்னாலும் வீடுதான்.

சாவியை எடுத்து அவன் கையில போட்டேன். போனா போகுதுன்னு. வேன் ஒண்ணு வந்துச்சு, கையைக் காட்டி நிறுத்தி ஏறிட்டேன். அவன் வேன் டிரைவர்கிட்ட என்னைக் காட்டி என்னமோ சொன்னான், டிபன் கேரியரை ஜன்னல் வழியா என் மடியில வச்சான். வேன் கெளம்பிடுச்சு. கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாக்கறேன், அவன் மோட்டர் பின்னாலயே வருது. நம்ம மாதிரியே அந்த ஊர்லயும் பகல்ல விளக்கு போட்டுத்தான் ஓட்டுறானுங்க, அதனால தெரிஞ்சுது. வேன் நின்னா அவனும் நிக்கிறான். ஹாட்யாய் வரைக்கும் வந்தான். அங்க எல்லைக்குப் போற வேன் எதுன்னு காட்டிட்டு, மறுபடியும் ஒரு கும்பிடு. வேலைவெட்டி இல்லாதவன். இருந்தா இப்படிக் கெழவி பின்னால சுத்துவானா?

சோத்தை எல்லையில பெஞ்சுல உக்காந்து தின்னேன். சோத்தை வீசக் கூடாது, பாவம். உப்பு கம்மி.

நாலாம் நாளு ஞானமேரி மட்டும் வந்தா. "கோமளம் எங்கடி?" "பேத்தி விடலக்கா." பேத்தி பேரு மாலியாம். பதினெட்டு வயசாம். அவங்க பாஷையில மல்லிகைப்பூவாம். பூ பேரு வச்சுட்டா ஆச்சா. "எப்ப வருவா?" "தெரியாதுக்கா. எல்லை வரைக்கும் வந்து சீட்டைப் புதுப்பிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடலாமாம், அவ மருமகன் சொன்னாரு." "என் மோட்டரு?" "கோமளம் சொல்லச் சொன்னா, நான் கொண்டாந்து தரமாட்டேன், அக்காவையே வந்து எடுத்துக்கச் சொல்லுன்னு. நான் நடுவுல வரமாட்டேன், என்னை விட்டுடுங்க."

கேட்டியா? நான் தூக்கி நிறுத்துனவ என் மோட்டரை வச்சுக்கிட்டு என்னை வரச் சொல்றா.

இந்த இருபத்தாறு நாளும் அவ வீடு பூட்டிக் கெடக்கு. வாசல்ல மொளகா தொட்டி இருக்கு, வாடிப்போகுதேன்னு நான்தான் தண்ணி ஊத்துறேன். செடி என்ன தப்புப் பண்ணுச்சு. காலைல ஆறு மணிக்கு அவ ரேடியோ போடுவா, எழவே, மனுசன் தூங்க முடியாது. இப்ப சத்தமே கெடையாது. ஒன்பது மணி வரைக்கும் படுத்துக் கெடக்கேன், எந்திரிக்கத் தோணல. அவளால என் உடம்பே கெட்டுப்போச்சு. ஒரு நாளு குழம்பு வச்சு ரெண்டு வீட்டு அளவுக்கு வச்சுட்டேன். மூணு நாளு அதையே தின்னேன். அதுவும் அவளாலதான்.

அந்த டிபன் கேரியரா? இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல, அதான் அதிரசம் சுட்டு வச்சிருக்கேன். அது முறை. பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல. கோமளத்துக்கு வெல்லம் தூக்கலா இருக்கணும், அதனால கொஞ்சம் தூக்கலாவே போட்டேன்.

ஆமா, நீ படிச்ச பிள்ள. இந்தப் போனைக் கொஞ்சம் பாரேன். காலைல வந்துச்சு ஒரு மெசேஜு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு வரைக்கும் போனவ, தமிழ் எழுத்தா இருந்தா கூட்டிக் கூட்டிப் படிச்சிடுவேன். இது இங்கிலீஷ் எழுத்தால்ல இருக்கு. நம்பரும் நம்ம ஊரு நம்பர் மாதிரி இல்ல. லாட்டரி அடிச்சிருக்குன்னு ஏமாத்துவானுங்களே, அதுவா இருக்கும்.

என்ன, தமிழா? தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கா? யாரு? சரளாவா?

படி.

ம். ஞானமேரி சொல்லிட்டாளா நான் இன்னிக்கு வர்றேன்னு. அவ வாயில எது தங்குச்சு. ம். பிளக்கு மாத்தியாச்சா. செயினும் மாத்தியாச்சா. செயினை யாரு மாத்தச் சொன்னா. ம், மேல படி.

ஹாட்யாய்க்கா? மோட்டரை ஹாட்யாய் வேன் நிக்கிற எடத்துக்கே கொண்டாந்து குடுத்துடுவானாமா?

திரும்பப் படி அதை. நிதானமாப் படி.

"பெரியம்மா, நீங்க வீடு வரைக்கும் வர வேண்டியதில்ல. அவர் அங்கேயே சாவியைக் குடுத்துடுவார். நீங்க அப்படியே ஊருக்குத் திரும்பிடலாம். உங்களுக்குச் சங்கடம் வேணாம். அம்மா நல்லா இருக்காங்க."

அவ்வளவுதானா? கீழ தள்ளிப் பாரு. ஒண்ணும் இல்லையா? அம்மா நல்லா இருக்காங்கன்னா என்ன அர்த்தம்? வர்றாளா, வரலியா, அதைப் போடத் தெரியாதா?

பாத்தியா திமிரை. வழியிலயே மடக்கி, சாவியைக் கையில குடுத்து, திருப்பி அனுப்பிடப் பாக்குறா. வாசப்படியை மிதிக்கவே விடக் கூடாதுன்னு. நான் என்ன தீட்டா? இது அவ யோசனைதான், கோமளத்துக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாதுல்ல? அவதானே என்னை வந்து எடுத்துக்கச் சொன்னா. வாயால சொன்னாளே. தாய்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இவளா எப்படி முடிவு பண்ணலாம்? அடுத்தவங்க விசயத்துல இப்படி நடுவுல பூந்து செய்யறது... எந்த ஊரு நியாயம் இது.

இரு. ஒரு நிமிசம் இரு. டிபன் கேரியர் சாஞ்சுடுச்சான்னு பாத்துக்கறேன், இந்த ஹெல்மெட்டைப் புடி.

சங்லூன் வந்துடுச்சா? அந்த போர்டா? நீ எந்திரிக்காத, பஸ்ஸு நின்னு கதவு தெறந்தப்புறம் எந்திரிச்சாப் போதும். அதுக்குள்ள பதில் ஒண்ணு எழுதிக் குடு. அவளுக்குப் புரியற எழுத்துலயே எழுது.

ஹாட்யாய்க்கு ஒருத்தரும் வர வேணாம்னு எழுது. மோட்டர் நின்ன எடத்துலயே நிக்கட்டும், யாரும் தொட வேணாம். பெரியம்மா வீட்டுக்கு வந்து எடுத்துக்குவான்னு எழுது. வீட்டுக்குன்னு போட்டியா? கோமளத்துக்கு... இல்ல, அதை அழிச்சிடு. எண்ணெய்க் கடையில அவ கேட்டுட்டுப் போனது அப்படியே நிக்குது, அதை இன்னொருத்தி கையால எழுதி அனுப்ப முடியாது. நேர்ல பார்த்துக்கறேன்.

மத்தியானம் ஆயிடும் நான் போய்ச் சேர. அதைப் போடு. சமைச்சு வைன்னு எழுதிடாத, நான் ஒண்ணும் விருந்துக்குப் போகல.

எறால் எனக்கு ஒத்துக்காது. அதை மட்டும் எழுதிடு.